உணவுக்கு முன், உணவுக்குப் பின்

போரிங் செய்து, புது பிஸ்டன் போட்டு,
ஏழாயிரத்து நானூறு எண்ணி வாங்கிக்கொண்டு
ஜபியுல்லா சாவியைத் தந்த நாளிலிருந்து
என் வண்டி குடிக்க ஆரம்பித்தது.

முன்பு லிட்டருக்கு ஐம்பத்தைந்து.
இப்போது முப்பத்து நாலு.
பெட்ரோல் என் காசு.
கம்பெனி தருவது குழாய்க்கு இவ்வளவு என்று,
ரத்தக் குழாய்க்கு அல்ல,
நான் ஸ்டிக்கர் ஒட்டி ஐஸ் பெட்டியில் அடுக்கும்
ஊதா மூடி, சாம்பல் மூடிக் குழாய்களுக்கு.

காலை ஐந்தரைக்கு லிங்கராஜபுரத்தில் கிளம்பினால்
ஒன்பதுக்குள் பதினோரு வீடு.
கம்மனஹள்ளி, கல்யாண் நகர், ஹெண்ணூர்.
வெறும் வயிற்றோடு கதவைத் திறப்பவர்கள்
காபி கிடைக்காத கோபத்தை
முழங்கையை நீட்டிக் காட்டுவார்கள்.

"ரிங் உட்காரணும் மேடம்,
ஆயிரம் ஓடட்டும்" என்றான்.
ஓடியது.
ஆயிரத்து இருநூறிலும் அதே முப்பத்து நாலு.
"ட்ராஃபிக்" என்றான்.
இந்த ஊரில் எதற்கும் பொருந்தும் நோய்ப்பெயர்,
காரணம் தெரியாத காய்ச்சலுக்கு
'வைரல்' என்று எழுதுவதுபோல.

நானே சாம்பிள் எடுத்தேன்.
ஞாயிறு, முதல் பூசை முடிந்து,
பானஸ்வாடி பங்கில் கழுத்துவரை நிரப்பி,
ஹொஸ்கோட்டே தாண்டி
மீட்டர் முப்பத்தைந்து காட்டிய இடத்தில் திரும்பி,
அதே பம்ப், அதே பையன்,
மறுபடி கழுத்துவரை.
"இப்பத்தானே போட்டீங்க அக்கா?"
ஆமாம் தம்பி. இது சாப்பிட்ட பிறகு எடுப்பது.
எழுபது கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டரும் கொஞ்சமும்.
காலிச் சாலையிலும் அதே தாகம்.

பிளக்கைக் கழற்றினேன்.
கண்மைபோல் காய்ந்த கரி.
விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.
அப்படியானால் ரிங்கில் குற்றமில்லை,
காற்றை மீறிப் பெட்ரோல் போகிறது.
ஏர் ஃபில்டர் புதுசு.
பெரிய ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைத் தட்டினால்
சோம்பலாக ஏழு சுற்று; பிரேக் உரசவில்லை.
நிறம் பார்த்து நோய் சொல்வது என் வேலையல்ல,
குலுங்காமல் கொண்டு சேர்ப்பவள் நான்.
ஆனாலும் பதினான்கு வருஷம்
நிறங்களை முதுகில் கட்டிக்கொண்டு ஓட்டியவள்.

புதன்கிழமை, ஹெண்ணூர் சாலை யு-டர்ன்.
ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன்.
சத்தம் தடித்தது,
சளி கட்டிய தொண்டை மாதிரி.
நேராக்கினேன். மெலிந்தது.
மறுபடி ஒடித்தேன்.
பின்னால் ஒரு தண்ணீர் லாரி
என் அம்மாவைப் பற்றி ஹாரனில் ஏதோ சொன்னது.
நான் இன்னொரு தடவை ஒடித்துப் பார்த்தேன்.

"டேங்க்கைத் தூக்கு ஜபி."
தூக்கினான்.
சோக் கேபிள், போக வேண்டிய பக்கம் போகாமல்
சட்டத்துக்கும் டேங்க்குக்கும் நடுவே
தட்டையாகக் கிடந்தது.
மேலே லீவர் மூடியிருக்க
கீழே கார்புரேட்டரில் சோக்
ஆறு வாரமாகக் கால்வாசி இழுத்தபடியே.
கட்டிய ரப்பரை அவிழ்க்க மறந்த கை.

வாய்வரை வந்தது திட்டு.
போன வருஷம் கல்யாண் நகரில்
மூன்று மாடி இறங்கி வண்டியை உதைக்கும்போது
பால்கனியிலிருந்து வர்கீஸ் சார் கத்தினார்,
"சிஸ்டர், இதை யார் அவிழ்ப்பது?"
நீலம் பாய ஆரம்பித்த கையை
கொடிபோல் தூக்கிப் பிடித்திருந்தார்.
அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஜபியுல்லா மன்னிப்புக் கேட்கவில்லை.
கேபிளைச் சரியான பக்கம் விட்டு,
இரண்டு இடத்தில் டேக் கட்டி,
ஹேண்டிலை இடமும் வலமும் ஒடித்துக் காட்டினான்.
பிறகு, தெருவைப் பார்த்தபடி, "டீ?"
குடித்தோம். சர்க்கரை அதிகம்.

அடுத்த ஞாயிறு அதே பங்க்.
ஐம்பத்து ஒன்று.
மீதி நாலை நான் தேடவில்லை.
கேபிள் நசுங்கிய இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் உண்டு.
டிசம்பர் விடியலில் சோக்கை இழுக்கும்போது
விரலில் ஒரு கணம் தடுக்கும்,
பிறகு வரும்.